தண்ணீர் வடிகிற இடமா என்று பார்த்து வீடு வாங்குங்கள்

ராமநாதபுரம் பக்கம் வீடு தேடும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். காவிரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், போர் போட்டால் நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா, கோடையில் கிணறு வற்றுமா என்றெல்லாம் கேட்பார்கள். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் இதே மாவட்டத்தில், கார்த்திகை மாதம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடக்கிற குடியிருப்புகளும் இருக்கின்றன. சந்தடி இல்லாத தெரு, வீட்டைச் சுற்றிக் காற்றோட்டம், கைக்கு எட்டுகிற விலை என்று மே மாதத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்த இடத்தை நவம்பரில் போய்ப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

முதல் தடவையாக வீடு வாங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே தண்ணீர் வராத இடமாகத் தேடினால் வீடே கிடைக்காமல் போகலாம். மழைக்காலத்தில் இந்தச் சமவெளியில் எல்லா இடத்துக்கும் கொஞ்சமாவது தண்ணீர் வரும். வந்த தண்ணீர் எந்த வழியாக, எத்தனை நாளில் வடிகிறது என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். அதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் படிப்பு தேவையில்லை. கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும், கொஞ்சம் விசாரிக்க வேண்டும், இரண்டு மூன்று காகிதங்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வறண்ட ஊரில் ஏன் வெள்ளம்?

இந்த மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்துக்குள் பெய்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதத்திலும் தினமும் பெய்வதில்லை. சில நாட்களில் மொத்தமாகக் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டியது. அதாவது, பாதி வருடத்து மழை ஒரு நாளில்.

இந்த அளவை மனக்கணக்கில் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்ட் மனையில் 40 சென்டிமீட்டர் பெய்தால் 80,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி கிட்டத்தட்ட ஏழு வந்து உங்கள் வாசலில் மொத்தத் தண்ணீரையும் திறந்துவிட்ட அளவு. உங்கள் மனைக்கு மட்டும் இவ்வளவு என்றால், தெருவில் உள்ள எல்லா மனைக்கும் சேர்த்துப் பாருங்கள். எல்லாத் தண்ணீரும் எங்கோ போயாக வேண்டும்.

போகும் வழிதான் இங்கே சிக்கல். மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து கடல் வரை நிலம் லேசாகத்தான் சரிகிறது. கடலை நெருங்க நெருங்கக் கிட்டத்தட்ட தட்டையாகிவிடுகிறது. தட்டையான நிலத்தில் ஒரு அடி உயர ரோடுகூட அணை மாதிரி வேலை செய்யும்.

வெள்ளத்தில் மூன்று வகை

புரோக்கரிடம் "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராதுண்ணே" என்ற பதில் உடனே வரும். கேள்வியே பொத்தாம்பொதுவாக இருப்பதால் பதிலும் அப்படித்தான் இருக்கும். நம் பகுதியில் வீட்டுக்கு வரும் தண்ணீர் மூன்று விதம்.

முதலாவது, பெய்த இடத்திலேயே தேங்கும் மழைத் தண்ணீர். கணுக்கால் முதல் முழங்கால் வரை நிற்கும். வேகம் இருக்காது, உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் நாள் கணக்கில் கிடந்து சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் கெடுக்கும். இரண்டாவது, கண்மாயிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஓடிவரும் தண்ணீர். இது வேகமாக வந்து வேகமாகவே போய்விடவும் செய்யும், ஆனால் போகிற வழியில் இருப்பதை விட்டுவைக்காது. மூன்றாவது, புயல் நேரத்தில் கடல் ஏறி வருவது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இந்த வகைதான். அடிக்கடி நடக்காது. நடந்தால் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்த முடியாது.

ஒரு வீட்டுக்கு இதில் எந்த வகை வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் வகைக்குப் பணம் செலவழித்துத் தீர்வு காணலாம். இரண்டாவது, மூன்றாவது வகையில் மாட்டிய வீட்டுக்கு என்ன செலவழித்தாலும் மனநிம்மதி கிடைக்காது.

கண்மாயின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் வீடு வாங்குகிறவர் கட்டாயம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் கண்மாய். நம் ஊர் நிலமெல்லாம் கண்மாயைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. புதிதாக முளைக்கும் நகர்களும் அதே நிலத்தில்தான் முளைக்கின்றன. ராமநாதபுரம் டவுன் பட்டணம்காத்தான் பக்கமும் சக்கரக்கோட்டைப் பக்கமும் நீண்டுகொண்டே போகிறது. பறவைகள் சரணாலயமாக இருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய் டவுனை ஒட்டியே கிடக்கிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய தண்ணீரைச் சேர்த்து வைத்த ஊர் இது.

கண்மாய்க்குக் கரை ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் வில் மாதிரி வளைந்திருக்கும். சரிவில் இறங்கிவரும் தண்ணீரை அந்த வில் தடுத்து நிறுத்துகிறது. கரைக்கு மேற்பக்கம், தண்ணீர் நிற்கும் பரப்பு உள்வாய். கரைக்குக் கீழ்ப்பக்கம், கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள் ஆயக்கட்டு. வயலுக்குத் தண்ணீர் விடும் திறப்பு மடை. கண்மாய் நிறைந்து போனால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேற கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான இடம் கலுங்கு. கலுங்கிலிருந்து கிளம்பும் தண்ணீர் மறுகால் ஓடையில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் கடல்.

இதில் மனை போடுகிறவர்கள் தேடிப் போகும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

உள்வாய் ஓரம். தொடர்ந்து நாலைந்து வருடம் மழை பொய்த்தால் கண்மாயின் மேல் ஓரம் காய்ந்து சீமைக்கருவேலம் மண்டிவிடும். ஜேசிபி வைத்து முள்ளை அழித்து, சவுடு மண் அடித்து, கல் நட்டால் பார்க்க நல்ல மனையாக இருக்கும். கண்மாய் முழுதாக நிறையும் வருடம் எப்போதாவதுதான் வரும். அந்த வருடம் தண்ணீர் தன் பழைய எல்லை வரை வந்து நிற்கும். இந்த இடத்தில் தேங்கினால் ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற கணக்கே கிடையாது. கண்மாய் குறைகிற வரைக்கும் மாதக்கணக்கில் நிற்கும். பட்டா நிலமாகவே இருந்தாலும் தண்ணீருக்குப் பட்டா தெரியாது.

மறுகால் பாதை. கலுங்கு வழிந்து பல வருடம் ஆகிவிட்டால், மறுகால் ஓடை வெறும் வண்டிப்பாதை மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் வேலி நெருக்கி வந்து, கடைசியில் ஓடை இருந்த இடமே தெரியாது. கலுங்கு வழிகிற நாளில் ஓடைக்கு அந்த இடம் தேவைப்படும். நான் மூன்றிலும் அதிகம் பயப்படுவது இந்த இடத்தைத்தான். வேகத் தண்ணீர், இரவு நேரம், உள்ளே வயசானவர்கள் என்று சேர்ந்தால் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆயக்கட்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 'பழைய நஞ்சை, இப்போ வீட்டு மனை' என்று சொல்லும்போது, நல்ல மண் என்று சந்தோஷப்படுகிறோம். நஞ்சை என்றால் மடையைத் திறந்ததும் இறைக்காமல், ஏற்றாமல் தண்ணீர் தானாக வந்து பாய்ந்த நிலம். அப்படிப் பாய வேண்டுமென்றால் அது பள்ளத்தில்தான் இருந்திருக்க வேண்டும். வயலாக இருந்தபோது வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்தது, வடிகால் மிச்சத்தைக் கொண்டுபோனது. மனை போட்டபோது வடிகாலைத் தூர்த்திருந்தால், வரும் வழி இருக்கிறது, போகும் வழி இல்லை. நஞ்சையாக இருந்த இடத்தில் வீடே வாங்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன். வடிகால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் ஊரில் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட வெள்ளம் வரலாம். வைகை அணை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. 71 அடி வரை தண்ணீர் தேக்கும் அந்த அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். மிச்சம் ஆற்றங்கரை அருகே கடலில் சேரும். மேற்கே பெய்த மழை இங்கே வந்து சேர நாளாகும். ஆகவே பெரிய கண்மாயின் கீழ்ப்பக்கத்திலோ அதன் மறுகால் பாதையிலோ வீடு பார்ப்பவர்கள் உள்ளூர் மழையை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

கடற்கரைப் பக்கம்

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் கதை வேறு. மணல் பாங்கான இடங்களில் மழை விழுந்ததும் மண் குடித்துவிடும். 'இங்க எவ்வளவு பெஞ்சாலும் அரை மணி நேரத்துல காஞ்சிரும்' என்று சொல்வது மழைக்காலத்தின் முதல் பாதிக்கு உண்மை. ஆனால் கடலோரத்தில் நிலத்தடி நீர் கொஞ்ச ஆழத்திலேயே இருக்கும். நாலு மழை பெய்ததும் அது மேலே ஏறிவிடும். அதற்குப் பிறகு பெய்வதை மண் குடிக்காது. கார்த்திகைக் கடைசியில் பக்கத்துக் கிணற்றில் எட்டிப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றால், அடுத்த பெருமழைக்கு அந்தத் தெரு தாங்காது.

ரயில் பாதையும் உயர்த்திப் போட்ட ரோடுகளும் இங்கே கரை மாதிரி நிற்கின்றன. தண்ணீர் கடலுக்குப் போக வேண்டுமென்றால் அவற்றின் அடியில் உள்ள சிறுபாலங்கள் வழியாகத்தான் போக வேண்டும். வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம், பக்கத்தில் சிறுபாலம் எங்கே, அதன் கண் திறந்திருக்கிறதா, பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிடுங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பாக் நீரிணைப் பக்கம் கடலும் உயர்ந்து நிற்கும். கடல் இறங்காமல் ஓடை வடியாது.

கடலுக்கு மிகப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகள் பொருந்தும். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் பெரும்பாலும் புது வீடு கட்ட முடியாத பகுதி. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப் பகுதிகளுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. மீனவக் குடும்பங்கள் போன்ற கடலோரப் பாரம்பரிய மக்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. வெளியிலிருந்து வாங்கும் உங்களுக்கு அவை பொருந்தாது. 'பக்கத்துல கட்டியிருக்காங்களே' என்பதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் சர்வே எண் எந்தப் பகுதியில் விழுகிறது என்று கடலோர மண்டல வரைபடத்தில் பார்க்கச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டின் உயரத்தை எதோடு ஒப்பிடுவது?

கட்டிய வீட்டைக் காட்டும்போது 'பேஸ்மட்டம் மூணு அடி சார்' என்பார்கள். எதிலிருந்து மூணு அடி என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மனையின் மண் மட்டத்திலிருந்து அளந்திருப்பார்கள். அந்த மண்ணே ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் இருந்தால் மிச்சம் ஒன்றரை அடிதான். ரோடும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் ஏறும். முதல் தடவை வாசலில் இறங்கிய படி, பிறகு ரோட்டுக்குச் சமமாகிவிடும், அப்புறம் வாசலே பள்ளமாகிவிடும்.

இதை அளக்க ஒரு கொத்தனாரை ஒரு காலை வேளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் டியூப் மட்டம் இருக்கும். கண்ணாடி மாதிரி தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றுவார். ஒரு முனையை வீட்டு நிலைப்படியில் அவர் பிடிப்பார், இன்னொரு முனையை நீங்கள் ரோட்டின் நடுவில் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அவர் பக்கம் தண்ணீர் நிலைப்படிக்குச் சரியாக நிற்கும்போது, உங்கள் குச்சியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ரோடு வரை டேப் வைத்தால் கிடைப்பதுதான் உங்கள் வீட்டின் உண்மையான உயரம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படியே ரோட்டிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து அது போய் விழும் ஓடைக்கும் அளந்துகொண்டே போங்கள். தூரம் அதிகமென்றால் கட்டம் கட்டமாகச் செய்யலாம். வீட்டுத் தரை ரோட்டைவிட இரண்டு அடி உயரமாக இருக்கிறது, நல்ல வீடு என்று தோன்றும். ஆனால் தெருக்கோடியில் உள்ள ஓடையின் அடிமட்டம் ரோட்டைவிட அரை அடி மேலே இருந்தால், அந்தத் தெருவில் அரை அடித் தண்ணீர் ஒருபோதும் தானாக வடியாது. வெயில் குடிக்க வேண்டும், அல்லது மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் நீங்கள் தீவில்தான் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்து இந்த அளவு எடுத்துப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு நாள் கூலிக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை.

காலி மனை வாங்கி மண் அடித்து உயர்த்தலாம் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் உயர்த்தினால் உங்கள் இடத்தில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். வடிகாலுக்கு இடம் விட்டு உயர்த்துங்கள். காலத்துக்கும் முகத்தில் முழிக்க வேண்டிய மனிதர்கள் அவர்கள்.

கழிவுநீர்த் தொட்டியை மறந்துவிட வேண்டாம். நிலத்தடி நீர் ஏறியதும் தொட்டி நிரம்பிக் கழிப்பறை வழியாக எதிர்த்து வரும். பல வீடுகளில் குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற வைப்பது மழைத் தண்ணீரைவிட இதுதான். தொட்டி மூடியின் உயரம், கழிப்பறையின் உயரம், கிணற்றுக்கும் தொட்டிக்கும் உள்ள தூரம் மூன்றையும் பாருங்கள். தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு போட இடம் இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். மின்சார மீட்டரும் தரையடிப் பிளக்குகளும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

சுவரும் மனிதர்களும் சொல்வது

விற்பனைக்கு முன் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதனால் வீட்டுக்குள் தேடிப் பயனில்லை. வெளியே தேடுங்கள். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், கழிப்பறைக் கதவின் கீழ் ஓரம், மாடிப்படிக்கு அடியில், பக்கத்து வீட்டுச் சுவர். தண்ணீர் நின்ற உயரம் வரை உப்புப் பூத்து வெள்ளைக் கோடாகத் தெரியும், சிமெண்ட் பொரிந்து உதிரும். பக்கத்து வீடுகளில் மோட்டாரை ஏன் இடுப்பு உயர மேடையில் வைத்திருக்கிறார்கள், வாசலில் ஏன் குறுக்காகத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அந்தத் தெருவே அனுபவப்பட்டுச் செய்த ஏற்பாடு அது.

விசாரிக்கும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'வெள்ளம் வருமா' என்று கேட்டால் ஊரை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனது வராது. "அக்கா, போன கார்த்திகைல இந்த வாசப்படியில எத்தனை படி முங்குச்சு?" என்று கேட்டால், அக்கா கையை நீட்டிக் காட்டிவிடுவார். அடுத்து "வடிய எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி, "எந்தப் பக்கமா வடிஞ்சுச்சு?" மூன்று வெவ்வேறு ஆட்கள் ஒரே திசையைக் காட்டினால் அந்தத் திசையில் நடந்து போய்ப் பாருங்கள். பால்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் இந்த மூன்று பேருக்கும் மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்குள் வண்டி போகாது என்று துல்லியமாகத் தெரியும். விற்கிறவருக்கும் அவர்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை என்பதால் உள்ளதைச் சொல்வார்கள்.

வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே வீடு வாங்குகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. லீவு பெரும்பாலும் கோடையில் அமைகிறது, ஒரு மாதத்துக்குள் பார்த்து, பேசி, பதிந்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு என் வேண்டுகோள்: கோடையில் பாருங்கள், பேசுங்கள், முடிவை மட்டும் மழைக்குப் பிறகு எடுங்கள். கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில் மச்சானையோ தம்பியையோ அந்தத் தெருவுக்கு அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அதே இடத்தில் இன்னொரு வீடியோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிகிற இடமா என்பது தெரிந்துவிடும்.

காகிதங்கள்

பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். அவர் பார்ப்பது உரிமையை. தண்ணீரைப் பார்க்கச் சொல்லி நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்), அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) மூன்றையும் எடுக்கலாம். அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சுற்றியுள்ள நாலைந்து எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ஓடை, வாய்க்கால், ஊருணி, கண்மாய் என்று புறம்போக்காகப் பதிவாகியிருந்தால், அது இன்று தரையில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். புலப்படத்தில் வாய்க்கால் நாடா மாதிரி நீளமாக, ஒடுக்கமாகத் தெரியும். காகிதத்தில் இருந்து தரையில் காணாமல் போன வாய்க்கால்தான் மழைநாளில் உங்கள் தெருவாக ஓடும். சர்வேயரை வைத்து அளந்து, மனையின் ஒரு ஓரம்கூட நீர்நிலைப் புறம்போக்கில் ஏறவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பல வருடம் வீட்டு வரி கட்டிய ரசீது அதற்கு எதிராக நிற்காது.

லேஅவுட் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள புதிய திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க முடியும். மேகமில்லாத கோடைப் படங்கள்தான் அதிகம் இருக்கும். நல்ல மழை பெய்த வருடத்தை அடுத்து வரும் தை, மாசிப் படங்களாகத் தேடிப் பாருங்கள். உங்கள் மனை இருக்கும் இடம் பச்சையா, நீலமா, பழுப்பா என்று பத்து வருடத்துக்குப் பின்னோக்கிப் போனால் நிலத்தின் ஜாதகமே கிடைத்துவிடும்.

வாங்கலாமா, விடலாமா?

தெருவில் கணுக்கால் தண்ணீர், இரண்டு நாளில் வடிகிறது, வீட்டுத் தரை நல்ல உயரத்தில் இருக்கிறது என்றால் நானாக இருந்தால் வாங்குவேன். விலையைக் குறைத்துப் பேசுவேன். வால்வு, தொட்டியை உயர்த்துவது, மீட்டரை மேலே மாற்றுவது எல்லாவற்றுக்கும் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன் மூவரிடமும் எஸ்டிமேட் வாங்கி, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசுவேன். வாய்ச் சொல்லுக்கு இல்லாத மரியாதை எஸ்டிமேட் காகிதத்துக்கு இருக்கிறது.

கட்டிய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலையும் இப்போது தமிழ்நாட்டில் செய்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்காக அதை நம்பிப் பள்ளத்தில் வாங்க வேண்டாம். வீட்டைத் தூக்கலாம், தெருவைத் தூக்க முடியாது.

வடிகாலே இல்லாத தெரு, மறுகால் பாதை, கண்மாய் உள்வாய் இந்த மூன்றுக்கும் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்பேன். வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரோ, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரோ இருந்தால், ஆம்புலன்ஸ் வாசல் வரை வர முடியாத தெருவும் அந்தக் கணக்கில் சேரும்.

காப்பீட்டையும் கேட்டு வையுங்கள். பாங்க்கில் லோன் எடுக்கும்போது கையெழுத்து வாங்கும் காப்பீடு பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கானது, வீட்டுக்கானது இல்லை. வீட்டுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளம், புயல் இரண்டும் அதில் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்ச ரூபாய்க்குத் தானாகவே பாதுகாப்பு சேரும். வாங்கிய வருடமே எடுத்துவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு ஓடினால் கிடைக்காமல் போகலாம்.

பிடித்துப்போய், விட மனதில்லாமல், ஆனாலும் ஒரு மழை பார்க்காமல் வாங்கப் பயமாக இருக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆவணியில் சிறிய தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, தை மாதம் வரை கெடு வைத்து கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலோ, மனையில் எந்தப் பகுதியாவது நீர்நிலைப் புறம்போக்கு என்று தெரிந்தாலோ அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியை வக்கீலிடம் சொல்லிச் சேருங்கள். நல்ல இடத்தை வைத்திருப்பவர் பெரும்பாலும் இதற்குச் சம்மதிப்பார். 'அப்படியெல்லாம் எழுத முடியாது, அடுத்த வாரமே பத்திரம் போடணும்' என்று ஒருவர் அவசரப்படுத்தினால், மறுபடியும் ஒரு தடவை அந்தப் பால்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.